எடைக்கு வராத வாளி

அத்தியாயம் 9

வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் வந்து இறங்கி இன்றோடு ஆறு நாள். அவர்களில் ஒருத்தி, எந்தக் கதவிலும் தலையை இடித்துக்கொள்ளாமல் நுழையத் தெரியாத நெட்டைப் பெண், இந்த வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். இரண்டு பள்ளிகளும் சேர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்றே ஒன்று: தட்டில் விழுகிற சாப்பாடு எங்கிருந்து வருகிறது, மிஞ்சினால் எங்கே போகிறது. அதற்காகத்தான் இந்த வீட்டு மகள் ஆறு வாரமாகப் பள்ளிச் சமையற்கூடத்தில் வீணாவதைத் தினமும் எடை போட்டு நோட்டில் எழுதி வருகிறாள். இன்று மத்தியானம் அந்த நோட்டோடு மேடை ஏறப் போகிறாள். நன்றாக அமைந்தால், அடுத்த பருவத்தில் அந்த நாட்டுக்குப் போகிற இரண்டு பேரில் அவள் ஒருத்தி.

இதெல்லாம் நமக்குத் தெரியும். தெரியாத ஒன்று காலை ஏழு மணிக்குச் சமையற்கூடத்துத் தரையில் தண்ணீரோடு மேலே வந்தது.

"அக்கா, ஓடி வாங்க! தண்ணி உள்ள போகல. வெளிய வருது!"

காய் நறுக்குகிறவள் போட்ட கூச்சலில் மகளின் அம்மா ஸ்டோர் ரூமிலிருந்து சாவிக்கொத்தோடு ஓடினாள். அறுநூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிற இடத்துக்கு அவள்தான் பொறுப்பு. பதினோரு வருடத்தில் அடுப்பு அணைந்திருக்கிறது, கூரை ஒழுகியிருக்கிறது. பாத்திரம் கழுவுகிற பக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்பது இதுதான் முதல் தடவை.

குழாய்க்காரர் வந்து தரையிலிருந்த இரும்பு மூடியைக் கம்பியால் நெம்பித் திறந்தார். கையுறை போட்ட கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்ததைப் பார்த்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"அக்கா, இந்தக் குழாய் என்னைவிட நல்லா சாப்பிட்டிருக்கு."

சோறு. பீன்ஸ். கரையாத உருளைக்கிழங்குத் துண்டுகள். பாதி கடித்த ரொட்டி. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. தட்டிலிருந்து தவறி விழுந்தது இவ்வளவு இருக்காது. கழுவும்போது நழுவியதும் இவ்வளவு இருக்காது. கொட்டியது. நாள் கணக்கில் கொட்டியது.

அவள் பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பினாள். அவளுடைய நாத்தனார் அங்கே நின்று, ஏற்கெனவே பளபளத்த ஓர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் இரண்டு பைகளோடு வந்து வாசலில் நின்றவள். புருஷன் வீட்டுக்கு இனிமேல் போவதில்லை என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, கழுத்துக்குக் கீழே இருந்த தழும்பு கேட்க விடவில்லை. அண்ணன்காரர் கப்பலில் இருந்தார். போனில், "நீ பாத்துக்கோ" என்றார். அவள் பார்த்துக்கொண்டாள். ஹெட் மேடத்திடம் தன் பொறுப்பில் எழுதிக் கொடுத்து இந்தத் தொட்டியடி வேலையை வாங்கிக் கொடுத்தாள்.

குழாய்க்காரர் எடுத்ததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பின்பக்கம் போனதும் அவள் அருகில் போனாள்.

"எத்தனை நாளா?"

"எதைக் கேக்கறீங்க அண்ணி?"

அவள் தரையில் திறந்து கிடந்த குழியைக் காட்டினாள். நாத்தனார் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"மூணாவது வாரத்துலேருந்து."

"ஏன்?"

"அன்னைக்கு அவ எடை போட்டா அண்ணி. அறுபத்திரெண்டு கிலோ. முந்தின வாரத்தைவிட நாலு கிலோ கூட. அப்படியே நின்னுட்டா. பேனாவைக்கூட மூடல. 'அத்தை, நான் கத்திக் கத்திச் சொல்றது ஒருத்தர் காதுலயும் ஏறல'ன்னா. குழந்தை முகம் செத்துப் போச்சு."

"அதுக்கு?"

"மறுநாள் ஒரே ஒரு வாளி. எடைக்கு அனுப்பாம இந்தக் குழில ஊத்தினேன். சுடுதண்ணி விட்டுத் தள்ளினேன். அவ நோட்டுல எழுதறப்ப சிரிச்சா பாருங்க... அப்புறம் நிறுத்த முடியல அண்ணி. நிறுத்தினா கூடிடுமே."

அவள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள்.

"சுவத்துல வேற எழுதி ஒட்டியிருக்காங்க" என்றாள் நாத்தனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தினம் அதுதான் என்னைப் பார்க்குது."

எதிர்ச் சுவரில் மகள் தன் கையால் வண்ணம் தீட்டிய அட்டை: இன்று நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள்? தட்டைத் திருப்பித் தருகிற பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் படிக்கட்டும் என்று ஒட்டியது. பிள்ளைகள் அதை ஒரு விநாடி பார்த்தார்கள், பார்க்காமலும் போனார்கள். தொட்டியடியில் நிற்கிறவளுக்குத்தான் காலையிலிருந்து மாலைவரை அது கண்ணுக்கு நேரே.

"அது பசங்களைக் கேக்குதும்மா. உன்னை இல்ல."

"எனக்கு எப்படித் தெரியும்? வேலைல சேர்ந்த புதுசு. எடை கூடினா யாரைக் கேப்பாங்க? கழுவறவளைத்தானே?"

கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வரவேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு நாள், மிஞ்சியதை எடைக்குச் சேர்க்கிற நீலத் தொட்டியை நகர்த்தும்போது, என்ன இது இவ்வளவு லேசாக இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, மகளுக்கு நல்லதுதானே என்று அந்த நினைப்பை அப்படியே மூடி வைத்துவிட்டாள். குனிந்து பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் குனியவில்லை.

"அண்ணி, இன்னைக்கு என்ன பண்ணட்டும்?"

இன்றைக்கு. வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் தராசைச் சுற்றி நிற்கப் போகிற நாள்.

கொட்டாதே என்று சொல்ல வேண்டும். சொன்னால் தராசு ஐம்பதைத் தாண்டும். அத்தனை பேர் முன்னாலும் மகள் பேனாவை மூடாமல் நிற்பாள். அதற்குள் அடுப்படியிலிருந்து, "அக்கா, அரிசி போடவா?" என்று குரல் வந்தது. "போடு" என்று அங்கே பதில் சொன்னவள், இங்கே ஒன்றும் சொல்லாமல் நடந்துவிட்டாள்.

முதலில் மகளிடம் சொல்லிவிட வேண்டும். அதுதான் முறை. சொன்னால் அவளே ஏதாவது வழி பார்ப்பாள், புத்திசாலிப் பெண்.

இடைவேளையில் மாடிக்குப் போனாள். வராந்தாவில் மகளைச் சுற்றி ஆறாம் வகுப்புக் குஞ்சுகள் உட்கார்ந்திருந்தன. கையில் இரண்டு கால் முளைத்த ஒரு கோணல் கேரட். நெட்டைப் பெண் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தும் எல்லாரையும்விட உயரமாகத் தெரிந்தாள்.

"இதைக் கடைக்காரர் ஏன் ஒதுக்கி வச்சாரு?" என்றாள் மகள்.

"அசிங்கமா இருக்குக்கா."

"உன் பல்லுகூடத்தான் கோணலா இருக்கு. உன்னை யாராவது ஒதுக்கி வச்சாங்களா?"

கொல்லென்று சிரிப்பு. பல் கோணல் பையன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

"இந்த ஒண்ணு வளர எத்தனை நாள் ஆச்சுன்னு இவங்க ஸ்கூல் தோட்டத்துல எழுதி வச்சிருக்காங்க. எழுபத்தஞ்சு நாள். தினம் ஒருத்தர் தண்ணி ஊத்தணும். நாம மூணே செகண்டுல தொட்டில போட்டுடறோம். அதனாலதான் முதல்ல அரைக் கரண்டி வாங்குங்கன்னு சொல்றேன். பசிச்சா இன்னொரு தடவை வாங்க. யாரு வேணாம்னா?"

"சமையல் ஆன்ட்டி திட்டுவாங்களே?"

"அது எங்கம்மா. திட்டினா எங்கிட்ட சொல்லு."

அந்த நேரத்தில்தான் மகள் அவளைப் பார்த்தாள். எழுந்து ஓடி வந்தாள். கழுத்து நரம்பு துடித்தது, மேடைப் பயம்.

"என்னம்மா? சீக்கிரம் சொல்லு."

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்புவரை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்த முகம். இந்த நோட்டுதான் அந்தக் கதவைத் திறந்தது.

"ஒண்ணுமில்ல. காலைல ஒழுங்கா சாப்பிட்டியா?"

"இதைக் கேக்கவா மாடி ஏறி வந்த? போம்மா!"

படியிறங்கும்போது தன்னையே நொந்துகொண்டாள். சொல்ல முடியாதவள் எதற்குப் போக வேண்டும்?

மத்தியானம் ஒன்றரை மணிக்கு நீலத் தொட்டிகளைத் தராசில் ஏற்றினார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். காய் நறுக்குகிறவள், "இன்ஸ்பெக்டரம்மா வந்தாச்சு, எல்லாரும் அட்டென்ஷன்!" என்றாள். மகள் குனிந்து முள்ளைப் பார்த்தாள்.

அவள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பது. ஐம்பத்தைந்து. எதுவானாலும் வந்துவிட்டுப் போகட்டும். வந்துவிட்டால் பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

"பதினெட்டு!" என்று மகள் கத்தினாள்.

கைதட்டல். அவள் தொட்டியடியைப் பார்த்தாள். நாத்தனார் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அருகில் வந்து காதோடு சொன்னாள்.

"தண்ணி இப்ப நல்லா போகுது அண்ணி."

காலையில் தான் பேசாமல் நடந்து போனதை நாத்தனார் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இனிமேல் இது நாத்தனாரின் வாளி மட்டும் இல்லை.

அரங்கில் கடைசி வரிசையில், ஏப்ரனைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். மகள் மேடையில் பேசினாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. அறுபத்திரண்டிலிருந்து பதினெட்டு. திரையில் வாரத்துக்கு ஒன்றாக ஆறு தூண்கள், மூன்றாவதிலிருந்து படிக்கட்டு மாதிரி இறங்கின.

"இதை நான் செய்யல" என்றாள் மகள். "நான் எடை மட்டும்தான் போட்டேன். தட்டுல அரைக் கரண்டி வாங்கின ஒவ்வொருத்தரும் செஞ்சாங்க. தினம் சளைக்காம எல்லாத் தட்டையும் வழிச்சு எடைக்கு அனுப்பினவங்க ஒருத்தங்க இருக்காங்க. அவங்க மேடைக்கு வரணும். எங்க அத்தை."

நாத்தனார் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி விட்டார்கள். மேடைக்குப் போய், மருமகள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. வெளிநாட்டு டீச்சர் ஏதோ சொல்ல, ஹெட் மேடம் மைக்கில் அதை எடுத்துச் சொன்னார். அவர்களோடு சேர்ந்து இந்தப் பாடம் நடத்துகிற இருபது பள்ளிகளிலும் இதே முறையைப் பின்பற்றப் போகிறார்களாம். சொல்லிக்கொடுக்க மகளே நேரில் வர வேண்டுமாம். நாளைக் காலை எழுத்தில் அனுப்பிவிடுவார்களாம்.

அவளும் தட்டினாள். எல்லாரும் நிறுத்திய பிறகும் இரண்டு தடவை தட்டிவிட்டாள்.

மாலை ஆறு மணி. வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் நோட்டைப் பரப்பிக்கொண்டு இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நெட்டைப் பெண் தன் பள்ளிக்கு எடுத்துப் போக எண்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் டீ போட்டு எடுத்து வந்தபோது இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"அம்மா, புதன்கிழமை என்ன சமைப்பீங்க?"

"ஏன்?"

"இவ வாரக் கணக்கை விட்டுட்டு நாள் வாரியா புள்ளி வச்சுப் போட்டா. நான் சராசரிதான் போட்டிருந்தேன். இங்க பாரு."

கட்டம் போட்ட தாளில் மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு கோடு தாழ்வாகப் போனது. நாலு இடத்தில் மட்டும் ஊசி குத்திய மாதிரி விருட்டென்று மேலே ஏறி இறங்கியது. ஐம்பத்தெட்டு. அறுபது. ஐம்பத்தேழு. அறுபது.

"எல்லாம் புதன். எனக்கு அன்னைக்கு லேப், ஜூனியர்ஸ்தான் எடை போடுவாங்க. தப்புத் தப்பா எழுதறாங்கன்னு அந்தக் குழந்தைங்களைத் திட்டியிருக்கேன்மா. இவ சொல்றா, தப்பா எழுதினா ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும், இப்படி ஒரே மாதிரி வராதுன்னு. அன்னைக்கு மட்டும் ஏதோ ஒண்ணு மாறுதாம். சமையலா, ஆளான்னு கேக்கறா."

நெட்டைப் பெண் மரியாதையாகச் சிரித்தாள். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத சிரிப்பு.

புதன்கிழமை நாத்தனாருக்கு வார விடுமுறை. வீட்டில் துணி துவைத்துக் காயப் போடுகிற நாள். இது மகளுக்கும் தெரிந்ததுதான். இன்னும் ஒரு நிமிடம் அந்தத் தாளைப் பார்த்தால் போதும்.

பின்கட்டுக் கதவருகே நாத்தனார் நின்றிருந்தாள். மடித்த துணிகள் கையில். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"நான்தான்" என்றாள் அவள், நாத்தனாரை முந்திக்கொண்டு.

"என்ன?"

"புதன்கிழமை நான் ஸ்டோர் ரூம்ல சாமான் இறக்கறதுக்கு நிப்பேன். கழுவற பக்கம் வரமாட்டேன். மத்த நாள்ல... எடைக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாளியை நான் குழில கொட்டிட்டேன்."

சொன்ன பிறகு, தான் சொன்னது பொய் மாதிரியே அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மகள் சிரிக்கப் பார்த்தாள். "சும்மா சொல்லாதம்மா."

"காலைல குழாய்க்காரர் வந்தார். கேட்டுப் பாரு."

மகளின் கை தாள்மேலேயே இருந்தது. விரல் நுனி மட்டும் வெளுத்தது.

"ஏன்மா?"

"அறுபத்திரெண்டு வந்த அன்னைக்கு உன் முகம்..."

"என் முகத்துக்காகவா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நான் அரைக் கரண்டி, அரைக் கரண்டின்னு நாய் மாதிரி கத்தினேனே. அதுல ஒண்ணுகூட நிஜம் இல்லியா? ஒரு கிலோகூடக் குறையலயா?"

குறைந்திருக்கலாம். எவ்வளவு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். ஒரு வார்த்தை. அண்ணி இல்லை, நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை. நாத்தனாரின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வரக்கூடாது என்றும் அவள் மனது வேண்டிக்கொண்டது. வந்தால், இன்று மேடையில் கட்டிப்பிடித்த அத்தையையும் மகள் இழந்துவிடுவாள். அதோடு அந்த வேலை. அந்த வேலையும் போனால் நாத்தனாருக்கு மிச்சம் இருக்கிற ஒரே வாசல் எது என்பது மூவருக்குமே தெரியும்.

நெட்டைப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். அம்மா என்ன சொன்னார்கள் என்றுதான் கேட்டிருப்பாள்.

மகள் நிமிர்ந்தாள். கொஞ்சமும் தடுமாறாமல் அவர்கள் பாஷையில் பதில் சொன்னாள். ஆறு நாளில் அந்தப் பாஷையில் பத்து வார்த்தை அம்மாவுக்கும் பழகியிருந்தது. புதன், பீன்ஸ், பிடிக்காது என்ற மூன்று வார்த்தைகள் காதில் விழுந்தன. நெட்டைப் பெண் ஓ என்று தலையாட்டி, தாளின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள்.

மிட்டாய் திருடினால்கூடத் தானே வந்து ஒப்புக்கொள்கிற குழந்தை. எடை அரைக் கிலோ முன்னே பின்னே இருந்தால் மூன்று தடவை ஏற்றி இறக்குகிறவள். எவ்வளவு சரளமாகச் சொல்லிவிட்டாள்.

மகள் நோட்டை மூடினாள். அம்மாவைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்.

"காலைல அவங்க லெட்டர் அனுப்பறதுக்கு முன்னாடி ஹெட் மேடத்தைப் பார்த்து, எண் எல்லாம் தப்புன்னு சொல்லப் போறேன்."

"யாரு பண்ணினான்னு கேப்பாங்களே."

"நான்தான் எடையைக் குறைச்சு எழுதினேன்னு சொல்லிடறேன். வெளிநாடு போக ஆசைப்பட்டுப் பண்ணிட்டேன்னு. நம்புவாங்க."

"வேண்டாம் கண்ணு. அப்படிச் சொல்லாத."

"அப்ப உன் பேரைச் சொல்லவா? பதினோரு வருஷ வேலைம்மா."

தான் சொன்ன ஒரு பொய்யின்மேல் மகள் இன்னொன்றை எடுத்து வைத்துவிட்டாள். கீழே இருப்பதை உருவினால் எல்லாமே சரியும். மேசைமேல் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. கை நீட்டி மகளைத் தொட நினைத்தாள். மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நெட்டைப் பெண்ணோடு உள்ளே போனாள்.

அவள் மறுபடி கதவுப் பக்கம் திரும்பினாள். மடித்த துணிகள் ஸ்டூலின்மேல் இருந்தன. நாத்தனார் இல்லை.

வாசல் பக்கம் செருப்பை உரசி மாட்டுகிற சத்தம் கேட்டது. எங்கே போகிறாய் என்று கேட்கத்தான் எழுந்தாள். உண்மையைச் சொல்லப் பள்ளிக்கூடத்துக்குப் போவதென்றால் தெருவில் வலது பக்கம் திரும்ப வேண்டும். புருஷன் வீட்டுக்குப் பஸ் ஏறுவதென்றால் இடது பக்கம். ஜன்னலுக்கு வந்து பார்ப்பதற்குள் தெரு காலியாக இருந்தது.